பேயாக நடந்த செவ்வந்தி

செவ்வந்தியின் தலைமுடியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லா வம்பும் அதிலிருந்துதான் வந்தது. அவிழ்த்துவிட்டால் முழங்கால் மடிப்பைத் தொடும். கரும்புத் தோட்டத்தில் களை வெட்டிப் பிழைக்கிறவளுக்கு இவ்வளவு முடி எதற்கு என்று கச்சிராயபாளையத்துப் பெரிய இடத்துப் பெண்கள் வாய்விட்டே கேட்டிருக்கிறார்கள். எண்ணெய் வைக்க வழியில்லாத தலையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டானே கடவுள் என்று அவர்களுக்கு வயிற்றெரிச்சல். செவ்வந்திக்கோ அதில் பெருமை ஒன்றும் கிடையாது. களை வெட்டும்போது கரும்புச் சோகை அதில் மாட்டும். குனிந்து நாற்று நட்டால் கொண்டை அவிழ்ந்து சேற்றில் விழும். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மொட்டை போட்டுத் தொலைக்கிறேன் என்று அடிக்கடி சொல்வாள். போட்டதில்லை.

இப்போது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. கோமுகி அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் இன்றைக்கும் நடவுக்கு முதல் ஆளாகக் கிளம்புகிறாள். உட்கார்ந்து பேசுகிற பழக்கமே கிடையாது. பேச உட்கார்ந்தாலும் கை எதையாவது பொறுக்கிக்கொண்டோ கிள்ளிக்கொண்டோ இருக்கும். அவள் நடித்த பேய்ப் படத்தைப் பற்றிக் கேட்டால், "அத்த இன்னாத்துக்கு இப்ப?" என்று எழுந்து போய்விடுவாள். கேட்காமல் விட்டுவிட்டால் அவளே வந்து சொல்வாள். இது அவள் சொல்லாமலும் சொல்லியும் தெரிந்துகொண்ட கதை.

அம்மாசியைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த நாள் முதல் அவளுக்குக் காசிநாதன் வீட்டு மாட்டுத்தொழுவத்தில் வேலை. அம்மாசி கரும்பு வெட்டப் போவான். வெட்டில்லாத நாளில் அதே வீட்டுக் காட்டில் கூலி. காசிநாதன் வீடு என்றால் சும்மா இல்லை. தேக்குத் தூண் வைத்த கூடம், நடுவில் முற்றம், வழுவழுவென்று சிவப்புச் சிமென்ட் தரை, கடைசியில் ஓர் ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கும் நெல் அறை. இதையெல்லாம் செவ்வந்தி பின்கட்டுக் கதவு திறந்திருக்கும்போது தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவள் தெருக்காரர்கள் யாரும் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. சாணி வாரினாயா, பால் கறந்த இடத்தைக் கழுவினாயா, பின்வாசல் வழியாகவே போய்விடு. யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அந்த வீட்டுக்கு ஒரு தை மாதம் அறுப்பு முடிந்த கையோடு மெட்ராஸிலிருந்து சினிமா கம்பெனிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வீடு படத்தில் வரப்போகிறது என்றதும் காசிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. கதை என்னவென்று கேட்கவே மறந்துபோனார். பாதிப் படம் எடுத்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. பட்டணத்துக் குடும்பம் ஒன்று கிராமத்தில் பழைய வீடு வாங்கிக் குடிவருகிறது. முன்னொரு காலத்தில் தேவகுஞ்சரி என்ற மருமகளை அந்த வீட்டு மாமியார் நெல் அறையில் வைத்துப் பூட்டிச் சாகடித்திருக்கிறாள். செத்தவள் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடக்கிறாள். காசிநாதனின் மனைவி ராணியம்மாள் இதைக் கேட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்த பார்வையில், அவர் அன்றைக்குச் சாப்பாட்டைத் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

தேவகுஞ்சரியாக நடிக்க வந்த நடிகைக்கு மாட்டிய பொய்முடி தேங்காய்நார் மாதிரி இருந்தது. அதை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான், உதவியாளன் ஒருவன் தொழுவத்துப் பக்கம் வந்தான். செவ்வந்தி தலைக்குக் குளித்துவிட்டு முடியை உதறிக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, அது நிஜ முடியா?"

"பொய் முடி வாங்கறதுக்கு எங்களுக்கு ஏதுங்க வசதி?"

அவ்வளவுதான். முகத்துக்கு நடிகை, முதுகுக்கும் முடிக்கும் காலுக்கும் செவ்வந்தி என்று முடிவாகிவிட்டது. வெள்ளைப் புடவையைக் கட்டிவிட்டு, முன்வாசல் வழியாக உள்ளே வரச் சொன்னார்கள். அவள் நகரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று ராணியம்மாளைப் பார்த்தாள். இத்தனை மெட்ராஸ்காரர்கள் நடுவில் ராணியம்மாள்தான் என்ன செய்வாள்?

"போடி, சினிமாவுக்குத்தான? எதையும் தொட்டுக்கினு நிக்காத."

செவ்வந்தி படி ஏறினாள். வாழ்க்கையில் அப்படி ஒரு தரையை அவள் மிதித்ததில்லை. காலில் சாணி ஒட்டியிருக்குமோ, வெடிப்பில் சேறு இருக்குமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். விரல்களை உள்ளுக்கு மடக்கிக்கொண்டு, பாதம் முழுக்கப் படாமல் வைத்து வைத்து நடந்தாள். தூண் மேல் பட்டுவிடக் கூடாதே என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டாள். எங்கே திட்டு விழப்போகிறதோ என்று ஓர் அடிக்கு ஒருதரம் நின்றாள். டைரக்டர் கையைத் தட்டினார். "இதுதான் வேணும்! யாரும் அந்தம்மாவுக்கு எதுவும் சொல்லிக் கொடுக்காதீங்க" என்றார். கூடம், மாடிப்படி, சாமி அறை வாசல், நெல் அறை என்று அன்றைக்கு முழுவதும் நடக்கவிட்டார்கள். வெள்ளைப் புடவையை அவளையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் ராணியம்மாள் வீடு முழுக்கக் கழுவிவிட்டாள். அதற்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துப் பின்வாசலில் வைத்தவளும் செவ்வந்திதான்.

படம் அடுத்த வருஷம் ஆடி மாதம் கச்சிராயபாளையம் கொட்டகைக்கு வந்தது. நம்ம காசிநாதன் வீட்டைத் திரையில் பார்க்க வேண்டும் என்று சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவர்கள் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள். தெரியாத வீட்டில் பேய் நடந்தால் கொட்டகையோடு போய்விடும். நாம் நெல் அளந்துவிட்டு வருகிற வீட்டில், நாம் பார்த்த தூணுக்கு நடுவில் நடந்தால் எப்படிப் போகும்? பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டுப் பக்கம் ஆள் வருவது நின்றது. பால்காரன் வேலிக்கு வெளியில் நின்று குரல் கொடுத்தான்.

ஊரே பயந்தது ஒரு பங்கு என்றால் நிர்மலா பயந்தது பத்துப் பங்கு. காசிநாதனின் மகன் தீனதயாளனைக் கட்டிக்கொண்டு திருக்கோவிலூரிலிருந்து புதிதாக வந்த மருமகள். அவளும் மருமகள்தானே, அவள்தானே நெல் அறைக்குப் போய் வர வேண்டும். ஒரு காலையில் கிணற்றடிக்கு வந்தவள், அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு ஈர முடியைக் காயவைத்துக்கொண்டிருந்த செவ்வந்தியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, அப்படியே சாய்ந்துவிட்டாள். அன்றையிலிருந்து காய்ச்சல்.

இதெல்லாம் பெரிய வீட்டுத் தொல்லை. செவ்வந்திக்கு இடி விழுந்தது வேறு இடத்தில். அவளுடைய ஒரே மகள் மணிமொழி, ஏழு வயது, தெருப் பிள்ளைகளோடு போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரி பக்கத்து வீட்டில் படுத்தாள். மறுநாளும் அங்கேதான். அம்மா தலை வாரிவிடக் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அம்மா தள்ளிப் போனால்தான் வந்து தின்றாள். பெற்ற பிள்ளை தன்னைப் பார்த்து நடுங்குவதைவிடக் கேவலம் ஒரு பொம்பளைக்கு உண்டா? செவ்வந்தி கரும்புக்குள் குந்தி அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு களை வெட்டினாள்.

ராணியம்மாள் கல்வராயன் மலையிலிருந்து பூசாரி கண்ணாயிரத்தை வரவழைத்தாள். சந்தைக்குக் கடுக்காயும் தேனும் கொண்டுவருகிற மனிதர். பேய் ஓட்டுவதிலும் அவருக்குப் பேர் உண்டு. சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பின்கட்டில் உட்கார்ந்து, பேயைக் கட்டுகிற முறைப்படி விசாரித்தார்.

"அதும் பேரு இன்னா? எப்பிடிச் செத்துச்சி?"

"தேவகுஞ்சரிங்க" என்றாள் நிர்மலா, போர்வைக்குள்ளிருந்து. "நெல்லு ரூம்ல வெச்சிப் பூட்டிட்டாங்க."

"யாரு பூட்டனது?"

"மாமியாருங்க."

பூசாரி தலையைத் திருப்பி ராணியம்மாளைப் பார்த்தார்.

"அய்ய, நான் இல்லீங்க! சினிமாவுல!"

"எங்க?"

சினிமா என்றால் என்ன என்று அவருக்கு விளக்கிப் பார்த்தார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் செத்தவர்கள் மாதிரி நடப்பது என்றதும் அவர் முகம் இறுகிவிட்டது. கூப்பிட்டு நடக்கவிட்டால் வராமல் இருக்குமா என்று திட்டினார். அது எந்த ஊர் என்று கேட்டார். படத்தில் ஊர் பேரே வரவில்லை. காசிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கச்சிராயபாளையம்னே வெச்சிக்குங்க" என்றார். இப்படித்தான் எவனோ மெட்ராஸில் எழுதிய பேய்க்கு எங்கள் ஊர்க் குடியுரிமை கிடைத்தது.

யார் உடம்பில் நடந்ததோ அவள் உச்சி முடி வேண்டும் என்றார் பூசாரி. கள்ளக்குறிச்சி ரோட்டில், ஊர் எல்லைக்கு வெளியே வளைவில் நின்ற புளியமரத்தடிக்குச் செவ்வந்தியைக் கூட்டிப்போனார்கள். உடுக்கை அடித்து, வேப்பிலையால் வீசி, "போறியா, இல்லியா?" என்று தேவகுஞ்சரியைக் கேட்டார்கள். செவ்வந்திக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் யாராவது பதில் சொல்லாவிட்டால் பொழுது விடிந்தாலும் விடமாட்டார்கள் என்று தெரிந்தது. "போறன்" என்று அவளே சொன்னாள். படத்தில் நடைதான், இங்கே வசனமும் வந்துவிட்டது. உச்சியில் ஒரு பிடி முடியை மரத்தோடு சேர்த்து வைத்து இரும்பு ஆணியை அறைந்து, தலைப்பக்கம் வெட்டிவிட்டார்கள். பேய் ஆணியோடு மரத்தில் நின்றுவிடும் என்பது கணக்கு. பிள்ளை திரும்பி வந்தால் போதும், காதையும் சேர்த்து ஆணி அடித்துக்கொள்ளட்டும் என்று இருந்தாள் செவ்வந்தி.

மணிமொழி வந்துதான் விட்டாள். பேய் மரத்தில் இருக்கிறது என்று தெருப் பிள்ளைகள் சொன்னதும் ஒரு மாதிரி தைரியம். அம்மா கையால் சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் போகும்போது அந்த வளைவில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஓடினாள். நிர்மலாவுக்கும் காய்ச்சல் விட்டது. ஆவணி கடைசியில் அதே படம் மறுபடி கொட்டகைக்கு வந்தபோதுகூட யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மூன்று நாள் ஓடிவிட்டுப் படப் பெட்டி போய்விடும் என்றார்கள்.

பெட்டி போகவில்லை. புரட்டாசி பிறந்த அன்றைக்கு மறியல் தொடங்கிவிட்டது. தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு வடக்குச் சீமை முழுக்க ஒரு வாரம் ரோட்டை மறிப்பதென்று சங்கத்தில் முடிவு. ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். தீனதயாளன் அதில் முன்னால் நின்றான். படித்தவன், வேலை கிடைக்காத கோபம் உள்ளவன், அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. மலைப் பூசாரி வந்த அன்று அவன் கள்ளக்குறிச்சியில் கூட்டத்தில் இருந்தான். எந்த மரத்தில் ஆணி அடித்தார்கள் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. வளைவு என்றால் மறிக்க வசதியான இடமாயிற்றே. அம்மா பேயைக் கட்டிவைத்த மரத்தை மகன் வெட்டிச் சாய்த்தான்.

மரம் விழுந்த பிறகுதான் யாரோ ஆணியையும் முடியையும் பார்த்திருக்கிறார்கள். கோடாலிகள் நின்றுவிட்டன. தீனதயாளன் சிரித்தானாம். ஆனால் மறியலுக்கு உட்கார வந்தவர்கள் அந்த மரத்தின் மேல் மட்டும் உட்காரவில்லை, அவனும்தான். விடிவதற்குள் சேதி ஊர் முழுக்கப் பரவியது. ராணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "அவள இந்தப் பக்கமே வர வாணாம்னு சொல்லு" என்று ஆள் அனுப்பினாள். திருக்கோவிலூருக்குத் தாய் வீடு போகலாம் என்றால் நிர்மலாவுக்குப் பஸ் இல்லை. கொட்டகைக்காரரிடம் வேறு படமும் இல்லை. முதல் நாள் மூடிவைத்தார், அப்புறம் மறியலில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களே பொழுது போகவில்லை என்று கேட்க, சாயந்திரமானால் அதே பேயைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். சத்தம் தெருவரை கேட்டது.

மணிமொழி விடிந்ததும் ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டாள். அம்மாசியின் அக்கா சாலம்மாள், சங்கராபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்தவள், மறியலில் மாட்டிக்கொண்டு தெருக்கோடியில் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். மூட்டுவலிக்காரி, நடந்து போக முடியாது. பிள்ளை இல்லை. மணிமொழி மடியில் வந்து விழுந்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"புள்ள பயந்து எளச்சிப்போச்சிடா தம்பி. பஸ்ஸு வுட்டதும் நான் இட்டுக்கினு போறன். அங்க பள்ளிக்கூடத்துல சேத்துக்கறன். ரெண்டு மாசம் எங்கூட இருந்தா எல்லாம் சரியாப்பூடும்."

அம்மாசி வந்து பொண்டாட்டியிடம் சொன்னான். செவ்வந்தி அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

"போனா வராதுய்யா."

"அக்காகிட்டதானமே போவுது. எங்க பூடப்போவுது?"

"அதான் சொல்றன். கெட்டவங்ககிட்ட போனா சண்ட போட்டு இட்டாரலாம். உங்கக்கா நல்லா வெச்சிக்குவாங்க. நல்லா வெச்சிக்கினா எப்பிடிய்யா திருப்பிக் கேப்பன்?"

அம்மாசி பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் இப்படித்தான்.

அந்த வாரம் ஊரில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எங்கேயோ இதே மாதிரித் தெருவில் குடிசைகள் எரிந்ததாகச் சேதி வந்து, செவ்வந்தியின் தெருவில் ஆண்கள் கண் மூடாமல் காவல் இருந்தார்கள். வேலையில்லை, கடையில் அரிசி தீர்ந்தது, ரோட்டைத் திறந்துவிட்டால் போதும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டார்கள். செவ்வந்தி ஒருத்திக்குத்தான் ரோடு திறக்கக் கூடாது. ரோடு திறந்தால் பஸ் வரும், பஸ் வந்தால் பிள்ளை போய்விடும். காலையில் எழுந்ததும் வளைவுக்கு ஓடிப்போய் மரங்கள் கிடக்கின்றனவா என்று பார்ப்பாள். கிடந்தால் மூச்சு வரும். வீட்டுக்கு வந்து இரண்டு பாத்திரத்தைக் கழுவுவதற்குள் மறுபடி சந்தேகம் வந்துவிடும். எங்கேயாவது லாரி ஹாரன் கேட்டால் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள்.

ஒருநாள் வளைவில் தீனதயாளனிடமே கேட்டுவிட்டாள்.

"ஐயா, ரோடு எப்ப வுடுவீங்க?"

இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. "எல்லாருக்குந்தான் கஷ்டம். ஒரு வாரம் பொறுத்துக்க மாட்டீங்களா?"

"ஜாஸ்தி ஆனாலும் பரவால்லீங்க. வாணும்னா இன்னும் ஒரு வாரம் வெச்சிக்குங்க."

மறியலை நீட்டிக்கச் சொல்லி வந்த முதல் ஆள் இவள்தான். அதுவும் மறியலுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத தெருவிலிருந்து. அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் அதற்குள் திரும்பி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாள்.

ரோட்டைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் தெருக்கோடிதான். முடியை இறுக்கி முடிந்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு போவாள். மணிமொழி சாலம்மாளின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள்.

"கிட்ட வராத."

"வரலடி. இங்கியே குந்திக்கிறன்."

எதிர்ப்பக்கம் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவுவாள். முதலில் அப்படியே போனது. சாலம்மாள்தான் பாவம், நடுவில் உட்கார்ந்துகொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது இன்னும் உன் தலையிலதான் கீதா?"

இல்லை, போய்விட்டது என்று சொல்லலாம். ஒருதரம் அப்படிச் சொல்லித்தான் ஆணி அடித்தார்கள். மரம் விழுந்தது, பொய்யும் விழுந்துவிட்டது. இனிமேல் அடிக்க இவளிடம் வேறு மரம் இல்லை. செவ்வந்தி கீரையைக் கீழே வைத்தாள்.

"அப்பிடி ஒருத்தி கெடயவே கெடயாது. நடந்தது நான்தான்."

"நீயா? அப்ப ஏன் அப்பிடி நடந்த?"

"பயந்துக்கினு."

"யாருக்கு?"

"அந்தத் தரைக்கு."

மணிமொழியின் தலை அத்தையின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. செவ்வந்தி யாரிடமும் சொல்லாததைப் பிள்ளையிடம் சொன்னாள். அம்மாசியிடம்கூட அதை விளையாட்டாகத்தான் சொல்லியிருந்தாள்.

"நாம அந்த வூட்டுக்குள்ள போனதே இல்லயாடி. காலு பட்டா அழுக்காப்பூடுமோன்னு வெரல மடக்கிக்கினன். தூணு மேல பட்டா திட்டுவாங்கன்னு கைய நீட்டிக்கினு போனன். ராணியம்மா வாசப்படியிலயே நின்னு பாத்துக்கினு இருந்தாங்க. எங்க நிக்கணும், எப்ப போவணும், ஒண்ணும் புரில. எப்படா வெளிய வுடுவாங்கன்னு இருந்திச்சி. அதத்தான் பேயி நடக்குதுன்னு கத்தறாங்க."

"பேயி பயந்துக்கினா நடந்துச்சி?"

"அழுவாத கொறதான்."

சாலம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். மணிமொழி அத்தையின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டாள்.

"நான் அப்ப கண்ண மூடிக்கினன். முடிதான் பாத்தன். காலப் பாக்கல."

"நானும் பாக்கலடி. நான் அந்தப் படத்துக்கே போவல."

"நீயே பாக்கலியா!"

ஊரே பார்த்து அலறிய படத்தை அதில் நடந்தவள் பார்க்கவில்லை என்பது பிள்ளைக்கு நம்ப முடியாததாக இருந்தது. செவ்வந்திக்கு வேண்டாம் என்றில்லை. ஆடியில் படம் வந்தபோது எல்லோரும் தன்னையே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கூச்சம். அப்புறம் நடந்ததெல்லாம் நடந்தபின் எந்த முகத்தோடு போவது?

அன்று சாயந்திரம் டீக்கடை ரேடியோவில் மறியல் முடிகிறது என்று சொன்னார்கள். காலையில் முதல் பஸ் வந்துவிடும், படப் பெட்டியும் அதில்தான் போகிறது. சாலம்மாள் பையைக் கட்டினாள். மணிமொழியின் பாவாடை சட்டையும் அதில் இருந்தது. செவ்வந்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது மணிமொழி இரண்டு அடி முன்னால் வந்தாள். அம்மாவைத் தொடவில்லை.

"இன்னிக்கிப் போலாமா? அத்தையும் வரட்டும். எனக்குக் காலப் பாக்கணும்."

கொட்டகையில் பெண்கள் பக்கம் மணலில் கூட்டம் நெருக்கியடித்தது. செவ்வந்தி உட்கார்ந்ததும் சுற்றிலும் இருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். அவளைச் சுற்றி ஒரு பாய் விரிக்கலாம் போல இடம். இவள் ஏன் வந்தாள் என்று ஒருத்தி காதுபடவே கேட்டாள். மணிமொழி, கை எட்டுகிற தூரத்தில், சாலம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. பட்டணத்துக் குடும்பம் சாமான்களை இறக்கியது, பிள்ளைகள் முற்றத்தில் விளையாடின, விளக்கு தானாக அணைந்தது. செவ்வந்திக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. விடிந்தால் பஸ் என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் வாத்தியச் சத்தம் அடங்கியது. நெல் அறைக் கதவு திறந்தது.

வெள்ளைப் புடவை. முழங்கால்வரை முடி. பெண்கள் பக்கம் அலறல் கிளம்பியது, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். ஆண்கள் பக்கமும் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. செவ்வந்தி தன் முதுகை முதன்முதலாகப் பார்த்தாள். அப்புறம் பாதம் மட்டும் பெரிதாகத் திரை முழுக்க வந்தது. வெடித்த குதிகால். உள்ளுக்கு மடங்கிய விரல்கள். சிவப்புத் தரையில் பட்டும் படாமலும் ஓர் அடி, நின்று, இன்னோர் அடி. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் எதிலும் படாமல் நீட்டிய கைகள். அந்தப் பொம்பளையைப் பார்க்கப் பார்க்கச் செவ்வந்திக்கு, இவ்வளவு பயந்திருக்கிறாளே, யாரும் இவளைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லையே என்று யாரோ ஒருத்திக்காக அழுவது மாதிரி அழுகை வந்தது.

பக்கத்தில் மணல் சரிந்தது. மணிமொழி எழுந்து நின்றுவிட்டாள். கண்ணை மூடவில்லை. திரையையே பார்த்தாள். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"கத்தாதீங்க! சும்மா இருங்க! எங்கம்மா பயப்படுது!"

கொட்டகையில் சத்தம் தடுமாறி நின்றது. திரையில் அந்தக் கால் இன்னோர் அடி வைக்கத் தயங்கிக்கொண்டிருந்தது. சாலம்மாளின் முந்தானை பிள்ளையின் கையில் இல்லை. அந்தக் கை செவ்வந்தியின் தோளை அழுத்திப் பிடித்திருந்தது.

"ம்மா, பயப்படாதம்மா! நான் கீறன். நடம்மா, நட!"

"நடக்கறன்டி" என்றாள் செவ்வந்தி, மணலில் உட்கார்ந்தபடி. "நடக்கறன் கண்ணு."